ஒங்க அம்மாவ எண்ணியாச்சா?

போன மாதம் எங்கள் தெருவில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். வெயிலில் அலைந்து முகம் கறுத்துப் போயிருந்தது. திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு, "ஆச்சி, வீட்ல மொத்தம் எத்தன பேரு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவுக்கு 83 வயது. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "ஏம்மா, ஒங்க அம்மாவ எண்ணியாச்சா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் "மூணு பேரு, எழுதிக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா கேட்டாள்: "மாமா சொன்னது ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

இருக்கிறது. அன்றிலிருந்து வேறு நினைப்பே ஓடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா கணக்கு டீச்சர். 1970களின் கடைசியில் நைஜீரியாவுக்கு ஆசிரியர் வேலைக்குப் போன தமிழர்கள் ஏராளம். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டில் 'நைஜீரியா டீச்சர்' உண்டு. அம்மாவும் அப்படித்தான் 1979-ல் போனாள். தென்கிழக்கே அபா என்ற ஊர். இக்போ மக்களின் பெரிய வியாபார நகரம். எனக்கு 9 வயது. இக்போ மக்கள் தனி நாடு கேட்டு நடத்திய பையாஃப்ரா போர் முடிந்து 9 வருடம்தான் ஆகியிருந்தது. சுவர்களில் இன்னும் குண்டு பட்ட தழும்பு இருந்தது. ஐந்து வருடம் அங்கே இருந்தோம்.

'மாமா' என்று அம்மா சொன்னது ஆணை அல்ல. அந்த ஊரில் மாமா என்றால் அம்மா, வயதான பெண். எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவியை ஊரே மாமா என்றுதான் கூப்பிட்டது. சாயங்காலம் ஆனால் எங்கள் பின்வாசலுக்கு வந்துவிடுவார். மடியில் தட்டு, தட்டில் எகுசி என்ற பூசணி மாதிரிக் காயின் விதை. நம் ஊரில் முற்றத்தில் உட்கார்ந்து புளி உடைப்பதுபோல ஒவ்வொரு விதையாக உரித்தபடியே பேசுவார். பாதி இக்போ, பாதி உடைந்த ஆங்கிலம். அவர் சொல்லித்தான் 1929 எங்களுக்குத் தெரியும். அந்த வருடத்தை அவர் எண்ணால் சொல்லமாட்டார். 'ஆடுகளை எண்ணின வருஷம்' என்பார்.

அம்மாவின் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். 'அபா கலவரம்.'

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இக்போ நாட்டில் பெரும்பாலும் ராஜாக்கள் கிடையாது. ஊர்க்கூட்டம் உண்டு. ஆண்களுக்கு ஒரு கூட்டம், பெண்களுக்குத் தனியே ஒன்று. சந்தையை நடத்துவது, அங்கே விலை பேசுவது, மனைவியை அடித்தவனைத் தட்டிக் கேட்பது எல்லாம் பெண்கள் கூட்டத்தின் வேலை. பிரிட்டிஷ்காரர்கள் வந்தபோது வரி வசூலிக்கவும் உத்தரவு போடவும் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். ராஜா இல்லாத ஊரில் ஒரு ராஜாவைச் செய்தார்கள். ஒருவரைப் பிடித்து, கையில் ஒரு சான்றுச் சீட்டைக் கொடுத்து, தலையில் ஒரு தொப்பியை வைத்து, 'இனி நீதான் தலைவன்' என்றார்கள். இவர்களுக்கு வாரண்ட் சீஃப் என்று பேர். இவர்களே உள்ளூர் நீதிமன்றத்திலும் உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்பதே வெள்ளைக்கார அதிகாரியின் கண்ணில் படவில்லை. அவர் ஊரில் அப்படி ஒன்று இல்லை, அதனால் இங்கும் தேடவில்லை.

1926-ல் ஆண்களை எண்ணினார்கள். வரிக்காக இல்லை என்றார்கள். 1928-ல் வரி வந்தது. ஒரு தடவை ஏமாந்த ஊர் அது. 1929-ன் பிற்பகுதியில் பெண்டே என்ற பகுதிக்குப் புதிதாக வந்த கேப்டன் குக் என்ற அதிகாரி, பழைய கணக்கு சரியில்லை, பெண்கள், குழந்தைகள், ஆடு கோழி எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எண்ணுங்கள் என்று உத்தரவு போட்டார். அந்த நேரம் பார்த்துப் பாமாயில் விலை விழுந்துகொண்டிருந்தது. கடையில் வாங்கும் இறக்குமதிச் சாமான்களின் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப்பனையின் பழத்தில் எண்ணெய் புருஷனுக்கு, உள்ளே இருக்கும் கொட்டைப் பருப்பு பெண்டாட்டிக்கு என்பது அந்தப் பகுதி வழக்கம். பெண்ணின் கையில் புரண்ட சொந்தக் காசு அந்தப் பருப்புக் காசுதான். எண்ணினால் அடுத்தது வரி, வரி வந்தால் அந்தக் காசு போய்விடும் என்று பெண்கள் கணக்குப் போட்டார்கள். என் அம்மா எப்போதும் சொல்வாள், அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்று.

இன்னொன்றும் இருந்தது. மனுஷரை எண்ணக்கூடாது. எண்ணினால் சாவு வரும். இதை மாமா சொன்னபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அம்மாவைப் பெற்ற ஆச்சி களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லமாட்டாள், 'லாபம்' என்பாள். பேரப்பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணினால் கையைத் தட்டிவிடுவாள். விசாரணைக் குழு முன்னால் சாட்சி சொன்ன ஒரு பெண், நாங்கள் காய்க்கிற மரங்கள், எங்களை ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்டது பதிவாகியிருக்கிறது. அதை வாசித்தபோது எனக்கு ஆச்சியின் குரல்தான் கேட்டது.

நவம்பர் மாதம், ஒலோக்கோ என்ற ஊர். ந்வன்யெருவா என்ற பெண் தன் வீட்டு முற்றத்தில் பனம்பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஊர் வாரண்ட் சீஃப் ஒகுகோ கணக்கெடுக்க ஒரு ஆளை அனுப்புகிறார். மார்க் எமெரெயுவா என்ற பள்ளிக்கூட வாத்தியார். 'உன் ஆடுகளை, செம்மறிகளை, ஆட்களை எண்ணு' என்கிறார் வாத்தியார். ந்வன்யெருவா திருப்பிக் கேட்டார்: 'உன்னைப் பெற்ற விதவைத் தாயை எண்ணியாயிற்றா?' கைகலப்பானது. எண்ணெய்க் கையோடு அவர் நேரே பெண்கள் கூடியிருந்த இடத்துக்கு ஓடினார்.

அங்கிருந்து ஓலை போனது. நம் மொழியில் ஓலை என்றாலே சேதி என்று அர்த்தம் வந்துவிட்டது. அங்கே நிஜமாகவே ஓலைதான் சேதி. எண்ணெய்ப்பனையின் ஓலைத் துண்டு ஒன்று கையில் வந்தால் கிளம்பி வா என்று பொருள். ஓலை கிடைத்த ஊர் அடுத்த ஊருக்கு ஓலை கொடுக்கும். சில நாட்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒலோக்கோவில் இருந்தார்கள்.

அவர்கள் செய்தது ஒரு பழைய வழக்கம். 'ஆண் மேல் உட்காருவது' என்று அதற்குப் பேர். தப்பு செய்த ஆணின் வீட்டைப் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். ராத்திரி பகலாக அவன் வாசலில் ஆடுவார்கள், அவன் செய்ததை வரிவரியாகப் பாட்டில் கட்டிப் பாடுவார்கள், சேனைக்கிழங்கு போன்ற அவர்கள் ஊர்க் கிழங்கை இடிக்கிற உலக்கையால் சுவரில் இடிப்பார்கள். கூரையைப் பிய்ப்பதும் உண்டு. அவன் வெளியே வந்து தப்பை ஒத்துக்கொள்ளும் வரை போகமாட்டார்கள். நம் ஊரில் அநியாயம் செய்தவன் வாசலில் நின்று ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினால் எந்த ஆணும் நடுங்கிப்போவான். ஒருத்தி தூற்றினாலே அப்படி. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து, முறையாக, கூட்டம் போட்டுத் தீர்மானித்துச் செய்தால் எப்படி இருக்கும்!

நெற்றியில் இளம் பெரணித் தழை. முகத்தில் கரி. இடுப்பில் சின்னத் துணி. கையில் ஓலை சுற்றிய குச்சி. அந்தக் குச்சியில் செத்துப்போன பாட்டிமார்களின் பலம் இறங்கும் என்பது நம்பிக்கை. மாமாவுக்கு அப்போது 11 வயதாம். விடியலில் அவருடைய அம்மா இந்தக் கோலத்தில் வந்து நின்றபோது அடையாளம் தெரியாமல் கத்தி அழுதிருக்கிறார்.

ஒகுகோவின் தொப்பியைப் பெண்கள் கேட்டார்கள். கிடைத்தது. அரசாங்கம் அவரைக் கைது செய்து, வழக்கு நடத்தி, 2 வருடம் சிறையில் போட்டது. ந்வன்யெருவாவும், பேச்சு வார்த்தையை நடத்திய இக்கொன்னியா, ந்வன்னெடியா, ந்வூகோ என்ற மூன்று பெண்களும் அடிதடி கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். அதோடு முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை.

ஓலை நிற்கவில்லை. ஓவெரி, கலபார் என்ற இரண்டு மாகாணங்களில் பரவியது. இக்போ பெண்கள் மட்டும் இல்லை, இபிபியோ, அன்டோனி, ஓகோனிப் பெண்களும் எழுந்தார்கள். அந்த மொழிகளை மறந்துவிட்டு இதை இக்போக்களின் கதையாக மட்டும் சொல்வது தப்பு. குண்டு பட்டவர்களில் அவர்கள்தான் அதிகம். டிசம்பரில் அபாவுக்குள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஓட்டிவந்த கார் இரண்டு பெண்கள் மேல் ஏறியது. அதற்குப் பிறகுதான் வெள்ளைக்காரக் கம்பெனிக் கடைகளும் வங்கியும் தாக்கப்பட்டன, சிறை உடைந்தது. சுற்றுவட்டாரத்தில் 16 உள்ளூர் நீதிமன்றங்கள் தாக்கப்பட்டன, பலவற்றுக்குத் தீ வைத்தார்கள். எதை எரித்தார்கள் என்று பாருங்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன இடத்தை.

ஒபோபோ என்ற ஊரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

டிசம்பர் 16. ஆற்றங்கரையில் மாவட்ட அதிகாரியின் அலுவலகம். இன்று அந்த இடம் இக்கோட் அபாசி. பெண்கள் வந்து கோரிக்கைகளைச் சொன்னார்கள். பெண்களுக்கு வரி கிடையாது என்று எழுதித் தரவேண்டும். சந்தையில் கடைக்கு வாடகை வாங்கக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாக. அதிகாரி தட்டச்சு செய்யச் சொன்னார். பெண்கள் ஒரே பிரதி போதாது, ஊருக்கு ஒன்றாகப் பல பிரதி வேண்டும், அதை உறையில் போட்டுத் தரவேண்டும் என்றார்கள். 1926-ல் வாய்வார்த்தையை நம்பி ஏமாந்தது அவர்களுக்கு மறக்கவில்லை. தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழுக்கு அலைந்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் அந்த உறையின் அருமை தெரியும். கையெழுத்து, முத்திரை, உறை. அரசாங்கத்தின் பாஷையிலேயே அரசாங்கத்திடம் கேட்டார்கள்.

கூட்டம் நெருக்கியது, முன்னால் இருந்த வேலி அசைந்தது. சிப்பாய்கள் சுட்டார்கள். ரைஃபிள், கூடவே லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி. ஒபோபோவில் மட்டும் 30 பேருக்கு மேல் செத்தார்கள். ஓடி ஆற்றில் விழுந்து மூழ்கியவர்களும் உண்டு. அதற்கு முன்னாலேயே உட்டு எட்டிம் எக்போ என்ற ஊரிலும் சுட்டிருந்தார்கள். மொத்தம் 50-க்கு மேற்பட்ட பெண்கள். பெண்களால் ஒரு வெள்ளைக்காரருக்கும் பெரிய காயம்கூட இல்லை.

பெண்களைச் சுடமாட்டார்கள் என்று நம்பித்தான் போனார்கள். பிறகு சாட்சி சொன்ன பெண்கள் திரும்பத் திரும்ப இதைச் சொன்னார்கள். அவர்கள் வழக்கத்தில் 'ஆண் மேல் உட்கார' வந்த பெண்ணை எந்த ஆணும் தொடக்கூடாது. துப்பாக்கியை நீட்டினவனுக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு அமிர்தசரஸ் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. 1919 ஏப்ரல் 10-ல் மார்செல்லா ஷெர்வுட் என்ற வெள்ளைக்கார மிஷனரிப் பெண்ணை ஒரு சந்தில் கும்பல் அடித்துப் போட்டது. கொடுமைதான். ஜாலியன் வாலாபாகில் சுட்ட அதே ஜெனரல் டயர், அந்தச் சந்து வழியாகப் போகிற இந்தியர் எல்லாரும் வயிற்றால் ஊர்ந்து போகவேண்டும் என்று உத்தரவு போட்டார். பெண்கள் எங்களுக்குப் புனிதமானவர்கள் என்பது விசாரணையில் அவர் சொன்ன காரணம். பத்தே வருடம் கழித்து, அதே பேரரசு, அதே ராணுவச் சட்டப் புத்தகம். ஒபோபோ ஆற்றங்கரையில் நின்றவர்கள் பெண்கள் என்பது எங்கே போயிற்று? வெள்ளைத் தோல் இருந்தால்தான் பெண் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே எல்லா அதிகாரிக்கும் தெரிந்திருந்தது.

அரசாங்கம் என்ன செய்தது? முதலில் தண்டனை. கூட்டுத் தண்டனைச் சட்டத்தின் கீழ் ஊர் ஊராக அபராதம் போட்டார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1930 ஜனவரியில் முதல் விசாரணை. இரண்டே பேர், இரண்டு பேரும் வெள்ளை அதிகாரிகள். சுட்டவர்கள் மேல் குற்றம் இல்லை என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள். அது லண்டனிலேயே எடுபடவில்லை. பிறகு தலைமை நீதிபதி டொனால்ட் கிங்டன் தலைமையில் பெரிய விசாரணைக் குழு. இந்த முறை லாகோஸிலிருந்து இரண்டு கறுப்பின வழக்கறிஞர்களையும் சேர்த்தார்கள். அது உண்மையிலேயே ஒரு மாற்றம்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கானவர்களை விசாரித்தார்கள், பெண்களையும் பேசவிட்டார்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

அதிகாரிகளைக் குடைந்த கேள்வி ஒன்று: இவர்களுக்குப் பின்னால் யார்? ஆண்கள் தூண்டிவிட்டிருக்க வேண்டும் என்று பல அதிகாரிகள் நினைத்தார்கள். இரண்டு மாகாணப் பெண்கள் தாங்களாகவே ஓலை அனுப்பி, கூடி, கோரிக்கை எழுதியிருக்க முடியும் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. பெண்களின் கோரிக்கைகளில் உள்ளூர் நீதிமன்றத்தில் பெண்களும் உட்காரவேண்டும் என்பது இருந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுக்கே திரும்பிப் போகட்டும் என்பதும் இருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு அரசியல் கோரிக்கையை எப்படிச் சொல்வது? அவர்கள் மொழியில் இதற்கு ஒகு உமுன்வன்யி, பெண்கள் போர். இபிபியோ மொழியில் எகோங் இபான், அதே அர்த்தம். கோப்பில் ஏறியது கலவரம் என்ற சொல். போர் என்றால் எதிரில் ஒரு தரப்பு இருக்கிறது, அதோடு பேச வேண்டும். கலவரத்துக்கு அடக்கினால் போதும். அந்த ஒரு சொல் ஐம்பது வருடம் கழித்து அம்மாவின் மாணவிகளுடைய பாடப்புத்தகம் வரை வந்து உட்கார்ந்திருந்தது. அம்மாவோடு வேலை பார்த்த சரித்திர டீச்சர் வகுப்பில் முதல் வேலையாக அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'போர்' என்று எழுதச் சொல்வாராம்.

பெண்கள் தோற்றுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பெண்களுக்கு வரி போடவில்லை. வாரண்ட் சீஃப் முறை உடைந்தது. 1933-ஐ ஒட்டி உள்ளூர் நிர்வாகத்தையே மாற்றி அமைத்தார்கள். இந்த மக்களை நாம் புரிந்துகொள்ளவே இல்லை என்று அதிகாரிகள் ஊர் ஊராக ஆய்வு அறிக்கை எழுதினார்கள். 1934-ல் சில்வியா லீத்-ராஸ், மார்கரெட் கிரீன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் இக்போப் பெண்களைப் பற்றியே ஆராய வந்தார்கள். புதிய சபைகளிலும் நீதிமன்றங்களிலும் உட்கார்ந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய எல்லாரும் ஆண்களே.

பல வருடங்களுக்குப் பிறகு நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. 1929-ல் நைஜீரியாவின் கவர்னர் சர் கிரேம் தாம்சன். 1931-ல் அவரை இலங்கைக்கு கவர்னராக மாற்றினார்கள். அவர் போய்ச் சேர்ந்த சில மாதத்தில், ஜூனில், டொனமூர் அரசியல் திட்டத்தின்படி இலங்கையில் முதல் தேர்தல். 21 வயது நிறைந்த பெண்களுக்கும் ஓட்டு. யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது தனிக் கதை. மட்டக்களப்பில், கொழும்பில், மலையகத்தில் தமிழ்ப் பெண்கள் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்கள். அதற்காக அவர்களையும் எண்ணிப் பட்டியலில் எழுதினார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் உறையில் போட்ட காகிதம் கேட்ட பெண்களைச் சுட்ட அரசின் தலைவர், இங்கே பெண்கள் ஓட்டுப் போட்ட சபைக்கு கவர்னர். அவர் மனசில் ஒபோபோ ஒரு நிமிஷமாவது வந்திருக்குமா?

1984-ல் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம். கரண்ட் இல்லாத ராத்திரி. பின்வாசலில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமா எகுசி உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா திரும்பி வந்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். ஓடையில் இறங்கிக் கரியைக் கழுவியபிறகுதான் அவர் முகம் திரும்பி வந்தது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அங்கே கண்டதைப் பற்றி அந்த அம்மா சாகும்வரை வாய் திறக்கவில்லையாம். அன்றைக்கு அம்மா கேட்டுவிட்டாள். கணக்கு டீச்சர் இல்லையா. "உங்க ஊர்லயிருந்து எத்தன பேர் போனாங்க மாமா? எத்தன பேர் திரும்பி வந்தாங்க?"

மாமா தட்டைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சு விட்டு, யாருடைய மகள், எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் என்று சேர்த்துச் சொன்னார். அம்மா விரல் மடக்கவில்லை. விளக்குத் திரி கருகிக்கொண்டிருந்தது, எழுந்துபோய்த் தூண்டிவிட யாருக்கும் தோன்றவில்லை.